அம்மா நன்மை வாங்கிய ஞாயிறு

புதுநன்மை போட்டோ இல்லாத வீடு நம் பங்கில் எது, சொல்லுங்கள். வெள்ளை கவுன், தலையில் வலைத்துணி முக்காடு, கையில் கொளுத்தாத மெழுகுவர்த்தி, முகத்தில் அந்த வயதுக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஒரு பக்தி. ஸ்டுடியோக்காரர், சிரிக்காதே, சாமி காரியம் என்று அதட்டிவிட்டுத்தான் படம் எடுப்பார். அன்று என்னோடு வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேருக்கு இப்போது மூட்டுவலி. மண்டியிட முடியாமல் பெஞ்சு நுனியில் உட்கார்ந்தபடியே கும்பிட்டுவிட்டு வருகிறோம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், தடையில்லை. அவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கோவிலையும் அதன் சாமியாரையும் சேர்ந்த குடும்பங்கள் எல்லாம் ஒரு பங்கு. பூசையில் சாமியார் கொடுக்கும் அப்பத்தைச் சேசுவின் உடல் என்று நம்பி வாங்குவதை நாங்கள் நன்மை வாங்குவது என்போம். ஒரு பிள்ளை முதன்முதலாக வாங்குவது புதுநன்மை. அதற்கு முன்னால் செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புப் பெற வேண்டும். அதற்குப் பெயர் பாவசங்கீர்த்தனம்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை. நாங்கள் தாம்பரம் மேற்கில் ரயில்வே லைனை ஒட்டிய தெருவில் இருந்தோம். அப்பாவுக்கு மின்சார ரயில் ஷெட்டில் ஃபிட்டர் வேலை. சட்டையை எப்படித் துவைத்தாலும் கிரீஸ் வாசனை போகாது. அதை மறைக்க ஞாயிற்றுக்கிழமைகளில் பவுடரை அள்ளிப் போட்டுக்கொள்வார், இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு வாசனை வரும். இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை வந்தால் எனக்குப் பூசை ஞாபகம் வருகிறது.

அண்ணன், நான், தங்கை, தம்பி என்று நாலு பேர். அந்தக் காலத்துக் கத்தோலிக்க வீட்டுக்கு நாலு குறைச்சல்தான், ஆறும் ஏழும் சாதாரணம். பிள்ளைகள் ஆண்டவர் கொடுக்கும் கொடை, வேண்டாமென்று சொல்ல மனுஷனுக்கு உரிமை கிடையாது என்று பிரசங்கத்தில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஸ்டேஷன் சுவரிலோ சிவப்பு முக்கோணம் வரைந்து, அளவான குடும்பத்தின் அருமையைப் பெரிய எழுத்தில் சர்க்கார் எழுதி வைத்திருந்தது. கோவிலுக்கு அந்தச் சுவரைத் தாண்டித்தான் போக வேண்டும். சரியாக அந்த இடம் வரும்போது அம்மா குனிந்து தம்பியின் மூக்கைத் துடைப்பாள்.

கோவிலில் அம்மாவின் இடம் கடைசி பெஞ்சு. நன்மை நேரம் வந்ததும் மற்றப் பெண்கள் தங்கள் கைக்குழந்தைகளை அவள் மடியில் போட்டுவிட்டுக் கிராதிக்குப் போவார்கள். பீடத்துக்கு முன்னால் இருந்த அந்த மரத் தடுப்பு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதன் எதிரே வரிசையாக மண்டியிட்டு நாக்கை நீட்டுவோம், பூசை உதவிப் பையன் தாடைக்குக் கீழே பித்தளைத் தட்டைப் பிடித்துக்கொண்டு வருவான். அதன் ஜில்லிப்பு கழுத்தில் படும். இப்போது கிராதியும் இல்லை, தட்டும் இல்லை. எடுத்துப்போய் என்ன செய்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

எல்லோரும் நன்மை வாங்கித் திரும்பும்வரை அம்மா அத்தனை குழந்தைகளையும் அழவிடாமல் வைத்திருப்பாள். இரண்டு தொடையிலும் இரண்டு, தோளில் ஒன்று, தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தபடி இன்னொன்று. உன்னை மாதிரி யார் இருக்கிறார்கள் என்று சொல்லி வாங்கிப் போவார்கள். அவளே ஏன் கிராதிக்குப் போவதில்லை என்று ஒருவரும் கேட்டதில்லை, குழந்தை பிடித்துக்கொண்டிருப்பவளை யார் கேட்கப் போகிறார்கள்? எனக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. சில அம்மாக்கள் பாட்டுப் பாடுவார்கள், சிலர் பீடத்துக்குப் பூ ஜோடிப்பார்கள், என் அம்மா குழந்தை பிடிப்பாள் என்று நினைத்திருந்தேன்.

ஆனால் வருஷத்துக்கு ஒரு முறை, ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில், அவளும் பாவசங்கீர்த்தன வரிசையில் நிற்பாள். எங்கள் பங்குச் சாமியார் வயதானவர், நெல்லைப் பக்கம். கோவில் தோட்டத்துக் கொய்யாக் காயில் கை வைத்தால் துரத்துவார், பழுத்ததும் அவரே கூப்பிட்டுக் கொடுப்பார். அவரிடம் போனவர்கள் சீக்கிரம் திரும்ப மாட்டார்கள், நிதானமாகப் புத்தி சொல்லித்தான் அனுப்புவார். அம்மா மட்டும் மண்டியிட்ட சுருக்கில் எழுந்து வந்துவிடுவாள். வந்தவர்கள் எல்லோரும் அபராதச் செபம் சொல்ல மாதா சிலையின், அந்தச் சுரூபத்தின் முன்னால் முழந்தாளிட, அம்மா நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவாள். அவளுக்குப் பாவமே இல்லை, அதனால் அபராதமும் இல்லை என்பது என் முடிவு. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் உங்கம்மாவுக்கு எவ்வளவு நேரமாச்சு என்று கேட்டு வம்புக்கு இழுத்திருக்கிறேன். அவ்வளவு பெருமை எனக்கு.

அந்தக் கோடையில் மடத்துச் சிஸ்டர் எங்களுக்குப் புதுநன்மைப் பாடம் எடுத்தார். பள்ளிக்கூட ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டு, மத்தியானம், தலைக்கு மேலே அனல். ஒழுங்காகப் படித்தால் அப்பம் வெட்டியது போக மிஞ்சிய ஓரங்களை ஒரு பிஸ்கட் டின்னில் கொண்டுவந்து கைநிறையக் கொடுப்பார். ருசி என்று எதுவும் கிடையாது, ஆனாலும் அதற்காக அடித்துக்கொள்வோம். அதை மேலண்ணத்தில் ஒட்டவைத்து, பல் படாமல் கரைத்து விழுங்கப் பழகினோம்.

நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டியவை ஐந்து. பாவங்களை நினைத்துப் பார்க்க வேண்டும், அவற்றுக்காக வருந்த வேண்டும், இனிச் செய்வதில்லை என்று தீர்மானிக்க வேண்டும், சாமியாரிடம் சொல்ல வேண்டும், அவர் கொடுக்கும் அபராதத்தைச் செய்ய வேண்டும். நம்மில் ஒருத்தி, யாரென்று சொல்லமாட்டேன், இதைப் படித்துக்கொண்டுதான் இருப்பாள், பத்துக் கட்டளையில் எதையும் விட்டுவிடக் கூடாதென்று விபசாரத்தையும் சேர்த்துச் சொல்லி ஒத்திகை பார்த்தாள். சிஸ்டர் சிரிப்பை அடக்க முக்காட்டுக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் இரண்டாவது விதிக்கு வந்தபோது அவர் சிரிக்கவே இல்லை. மனதில் வருத்தமில்லாமல் வாயால் மட்டும் வருத்தம் என்று சொன்னால், சாமியார் மன்னித்தாலும் ஆண்டவர் மன்னிப்பதில்லை என்றார். அப்படிப் பொய் சொல்லிவிட்டுப் போய் நன்மை வாங்குவது, சேசுவைக் காட்டிக்கொடுக்க யூதாஸ் அவருக்கு முத்தம் கொடுத்ததற்குச் சமம் என்றார். அதைக் கேட்ட அன்று எங்களில் யாரும் அப்ப ஓரத்துக்கு அடித்துக்கொள்ளவில்லை.

புதுநன்மைக்கு எங்கள் பங்கில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளைக்கு ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் அம்மா, மூன்று பேரும் ஒன்றாகக் கிராதியில் மண்டியிட்டு நன்மை வாங்க வேண்டும். அப்படி வாங்கிய குடும்பம் பிரியாது என்ற நம்பிக்கை. வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிராமல், அப்பா வருவார் என்றாள். நீ என்று கேட்டேன். தம்பியை யார் பார்த்துக்கொள்வது என்றாள். தம்பிக்கு அப்போது நாலு வயது. தெருவில் தனியாக டயர் ஓட்டுகிறவன்.

புதுநன்மைக்குச் சில நாள் முன்னதாகவே செங்கல்பட்டிலிருந்து அத்தை வந்துவிட்டாள். அப்பாவின் அக்கா. ஒன்பது பெற்று மூன்றை மண்ணுக்குக் கொடுத்தவள். கெட்டவள் இல்லை, இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். என் கவுனுக்குத் துணி எடுத்து, ஓரத்துக்கு லேஸ் வாங்கி, கஞ்சி போட்டு விறைப்பாக்கிக் கொடுத்தது அவள்தான். ராத்திரி என் தலையைத் தன் தொடையில் வைத்து ஈர் உருவிவிடுவாள். இறந்துபோன மூன்று பிள்ளைகளையும் சம்மனசுகள், தேவதூதர்கள் என்றே சொல்வாள், பரலோகத்தில் தனக்கு இடம் பிடித்து வைத்திருப்பதாகச் சொல்வாள். அதை அவள் முழுசாக நம்பினாள். நம்பாவிட்டால் அவளால் எழுந்து நடமாடியிருக்க முடியாது என்று இப்போது தோன்றுகிறது.

வந்த மறுநாள் குளிக்கப் போனாள். கொல்லையில் ஓலைத்தட்டி கட்டிய குளியலிடம். அங்கே பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது, எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து அதில்தான் குளிக்கிறோம். அதன் பக்கவாட்டில் ஏதோ படத்தைக் கல்லால் தேய்த்து அழித்த தடம். எங்களுக்கு அது வெறும் தடம். ஆனால் அத்தைக்கு அந்தத் தடத்தின் மூன்று மூலைகளும் போதுமாயிருந்தன. சர்க்கார் ஆஸ்பத்திரியில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களுக்கு முக்கோணம் போட்ட வாளி கொடுத்தனுப்பிய காலம். நல்ல வாளியைத் தூக்கியெறிய அம்மாவுக்கு மனசு வரவில்லை, படத்தை மட்டும் தேய்த்திருக்கிறாள். அத்தை தலையைக்கூடத் துவட்டாமல் வெளியே வந்தாள். அம்மாவிடம் ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் அப்பா ஷெட்டிலிருந்து வந்ததும் அவரைத் தெருமுனைவரை கூட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் நான் தட்டிக்குள் தலை நிறையச் சீயக்காயோடு கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் அடுப்படி. அப்பாவும் அம்மாவும் பேசியது ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. அப்போது எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதி புரிய நான் பிள்ளை பெற வேண்டியிருந்தது.

தம்பி பிறந்தபோது அம்மாவுக்கு ரத்தம் நிற்கவில்லை. கடைசி ஜெபத்துக்குச் சாமியாரைக் கூப்பிடலாமா என்று கேட்கிற நிலைமை வரை போய்விட்டது. பிழைத்ததும் டாக்டரம்மா, இன்னொன்று உண்டானால் தாய் தங்கமாட்டாள் என்று சொல்லியிருக்கிறார். ஆபரேஷனுக்கு அம்மாதான் சரி என்றாள், அப்பா கையெழுத்துப் போட்டார். அப்புறம் அப்பா பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், தப்புச் செய்துவிட்டேன், வருந்துகிறேன் என்றார். மன்னிப்புக் கிடைத்தது, ஒரு ஜெபமாலை அபராதம், அடுத்த ஞாயிறே நன்மை வாங்கினார். அம்மாவும் போனாள். அதற்காக வருந்துகிறாயா மகளே என்று சாமியார் கேட்டிருக்கிறார். இல்லை சாமி என்றிருக்கிறாள். அவர் திட்டவில்லை, விரட்டவில்லை. வருத்தம் வரும்போது வா, நான் காத்திருக்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். வருஷாவருஷம் தவக்காலத்தில் போவாள். அவர் அதையே கேட்பார், இவள் அதையே சொல்வாள். எழுந்து வந்துவிடுவாள். அந்த வேகத்தைத்தான் நான் தெருவெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

அன்று காலையில் அப்பா கெஞ்சினார். அக்காவுக்குத் தெரிந்துவிட்டது, நாளைக்கு ஊருக்கே தெரியும், பிள்ளை பக்கத்தில் நீ நிற்காவிட்டால் ஆளுக்கு ஒன்று பேசுவார்கள் என்றார். "ஒரே ஒரு வார்த்த. வருத்தமா கீதுன்னு சொல்லிடு. கொறஞ்சா போயிடுவ?"

"நீங்க போயி சொன்னீங்களே, உங்களுக்கு நெஜமா வருத்தமா இருந்துச்சா?"

"இருந்துச்சோ இல்லியோ, சொன்னேன். சாமி மன்னிச்சாரு. அவ்ளோதான்."

அடுப்பில் எதையோ இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அம்மா மெதுவாகச் சொன்னாள். "நான் செத்திருந்தா இந்த நாலும் யார் கையில நின்னுகினு இருக்கும்? உயிரோட கீறதுக்கு வருத்தப்படுன்னு சொன்னா, நான் எப்டி வருத்தப்படறது? பாவம்னு சொல்றாங்க, சரி, பாவமாவே இருக்கட்டும். ஆனா சாமி மூஞ்சிக்கு நேரா பொய் சொல்லிட்டு அவரு ஒடம்ப வாங்கித் துன்னச் சொல்றீங்களா?"

அப்பா ஷெட்டுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிப் போய்விட்டார். சீயக்காய் கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. அம்மா கிராதிக்கு வரமாட்டாள் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது, அதற்காக அழுதேன். தண்ணீர் ஊற்ற வந்தவள் கண்ணில் சீயக்காய் போய்விட்டது என்று நினைத்து முந்தானையால் ஒற்றிவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் கோவிலில் ஒத்திகை. சிஸ்டர் எங்களை ஜோடி ஜோடியாக நிறுத்தி, பெற்றோரையும் வரச் சொன்னார். ஷெட்டில் லீவு போட்டுவிட்டு வந்த அப்பா என் வலது பக்கம் நின்றார். இடது பக்கம் காலியாக இருந்தது. அம்மா எங்கே என்று சிஸ்டர் கேட்டார். அம்மா கடைசி பெஞ்சில் யார் யாருடைய குழந்தைகளையோ மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அப்போது அத்தை எழுந்து வந்தாள். "அவளுக்கு ஒடம்பு சரியில்ல சிஸ்டர். நான் நிக்கறேன். தாய் ஸ்தானந்தான எனக்கும்" என்று சொல்லி என் இடது பக்கம் நின்று தோளில் கையை வைத்தாள். நல்ல மனசோடுதான் வைத்தாள். அவமானத்தை மூட வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை.

நம் பங்கில் பிள்ளை பக்கத்தில் அத்தையோ சித்தியோ நின்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். தாய் இல்லாத பிள்ளைக்குத்தான் அப்படி நிற்பார்கள். எங்களுக்கு முந்தின வருஷம் ஒரு பையனுக்கு அப்படித்தான் சித்தி நின்றாள், கோவிலே மூக்கை உறிஞ்சியது. நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உயிரோடு உட்கார்ந்துகொண்டு, தான் இல்லாமல் போயிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் எங்களுக்கும் பெற்றோருக்கும் பாவசங்கீர்த்தனம். சர்க்கரை திருடியதையும் தங்கையைக் கிள்ளியதையும் சொல்லிவிட்டு, மூன்று தடவை ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்வதை அபராதமாக வாங்கிக்கொண்டு வந்து மாதா முன்னால் முழந்தாளிட்டேன். கண்ணைத் திறந்து பார்த்தால் பெரியவர்கள் வரிசையில் அம்மா நிற்கிறாள். தம்பியை அண்ணன் கையில் கொடுத்திருந்தாள். முறை வந்தது, சாமியார் உட்காரும் மரக்கூண்டான பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். இந்தத் தடவை சீக்கிரம் வரவில்லை. வெகுநேரம் கழித்து வந்தவள் கடைசி பெஞ்சுக்குப் போகாமல் நேராக மாதா சுரூபத்துக்கு வந்து என் பக்கத்தில் முழந்தாளிட்டு ஜெபமாலையை எடுத்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவுக்கும் அபராதம் கிடைத்துவிட்டது. நாளைக்கு வருவாள்.

ஞாயிறு காலை. நன்மை வாங்கும்வரை சாப்பிடக் கூடாதென்பதால் பசி, கஞ்சி போட்ட கவுன் கழுத்தில் அறுக்கிறது, சாம்பிராணிப் புகை, சம்பங்கி மாலை, நாற்பது பிள்ளைகளின் தலையிலும் ஒரே தேங்காயெண்ணெய் வாசனை. எனக்கு வலது பக்கம் அப்பா, இடது பக்கம் அம்மா. கல்யாணப் புடவை கட்டியிருந்தாள், மடிப்பில் பாச்சை உருண்டை மணம். கிராதியில் மண்டியிட்டபோது என் கையைப் பிடித்தாள். அவள் உள்ளங்கை முழுக்க ஈரம். அன்று குழந்தைகளைப் பிடிக்க ஆளில்லாததால் பின்னாலிருந்து எல்லாக் குழந்தைகளும் ஒரே சமயத்தில் அழுதன. சாமியார் அப்பாவுக்குக் கொடுத்தார், எனக்குக் கொடுத்தார், அம்மா முன்னால் வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அத்தனை வருஷம் காத்திருந்தவர் அல்லவா. பாவம், அவர் அவளை நம்பிவிட்டார்.

அப்பம் என் நாக்கில் இருந்தது. பல் படக் கூடாது, சேசுவோடு பேச வேண்டும், வேண்டியதைக் கேட்க வேண்டும். நான் கேட்டது ஞாபகம் இருக்கிறது. அம்மா எல்லா ஞாயிறும் இப்படியே என் பக்கத்தில் வரவேண்டும் என்று கேட்டேன்.

பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்குப் பன்னும் வாழைப்பழமும் காப்பியும் கொடுத்தார்கள். அம்மா அன்று முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை. குரோம்பேட்டை ஸ்டுடியோவுக்குப் போனோம். நான் முன்னால், அப்பாவும் அத்தையும் சிரித்த முகம். அம்மா கேமராவைப் பார்க்கவில்லை, வாயை இறுக மூடிக்கொண்டு தரையைப் பார்க்கிறாள். ரொம்ப நாள், அம்மாவுக்கு போட்டோ என்றால் பயம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு அவள் மறுபடியும் கடைசி பெஞ்சில் குழந்தைகளோடு இருந்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தடவை எல்லோரும் பார்த்தாயிற்று, ஊருக்கு அது போதும். அத்தை நிம்மதியாகச் செங்கல்பட்டுக்குப் போனாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். ஆனால் அடுத்த தவக்காலத்தில் அம்மா பாவசங்கீர்த்தன வரிசையில் நிற்கவில்லை. அதற்கடுத்த வருஷமும் நிற்கவில்லை. முன்பு மன்னிப்பு இல்லாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு முறை உண்மையைச் சொல்ல ஓரிடம் இருந்தது அவளுக்கு. இப்போது அதுவும் போய்விட்டது. சாமியார் மாற்றலாகித் தெற்கே போனபோது பிள்ளைகளுக்கெல்லாம் கொய்யாப்பழம் கொடுத்து, அம்மாவைத் தேடிக் கூப்பிட்டு ஆசீர்வாதம் செய்தார். அவள் குனிந்த தலை நிமிரவில்லை. மரியாதை என்று அவர் நினைத்திருப்பார். எனக்கு நினைக்க நினைக்க ஆறவில்லை. ஒருவர்கூட அவளுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. சாமியார் அன்பானவர், அத்தை பாசக்காரி, சிஸ்டர் சொன்னதெல்லாம் புத்தகத்தில் உள்ளது, அப்பா குடும்ப மானத்தைப் பார்த்தார். எல்லோரும் சேர்ந்து, எங்கள் பங்கிலேயே பொய் சொல்லத் தெரியாத ஒருத்தியைப் பொய் சொல்ல வைத்தார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் அம்மாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. அதற்கு முன்பே காதும் போயிருந்தது. மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு எட்டு வீட்டுக்குக் கேட்கப் பேசுவாள், நாமும் கத்தித்தான் பேச வேண்டும். ஆஸ்பத்திரியில் அவளுடைய கடைசி வாரம். அவளாகவே சாமியாரைக் கூப்பிடச் சொன்னாள். வந்தவர் சின்ன வயசுக்காரர், குருப்பட்டம் பெற்று ரொம்ப நாள் ஆகியிருக்காது. எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். நான், அண்ணன், தங்கை, தம்பி, பிளாஸ்குடன் அப்பா, எல்லோரும் வராந்தாவில் நின்றோம். கேட்கக் கூடாதது என்று தெரியும். தள்ளிப்போவதற்குள் அம்மாவின் குரல் வந்துவிட்டது.

"பொய் சொல்லிட்டேன் சாமி. என் பொண்ணு புதுநன்மைக்கு மொத நாளு. ஆபரேஷன் பண்ணிக்கினதுக்கு வருத்தப்படறேன்னு சொன்னேன். நெஜமா வருத்தம் இல்ல. அந்தச் சாமி நம்பிட்டாரு. மறுநாள் போயி நன்ம வாங்கினேன். அதோட வாங்கல."

தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். அவன் பிறந்த அன்று நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. உள்ளே சாமியார் என்னவோ சொன்னார், அம்மா இன்னா என்று கேட்டாள். அவர் குரலை உயர்த்தி, "எல்லாப் பாவத்துக்கும் சேர்த்து மன்னிப்புக் கொடுக்கறேம்மா" என்றார்.

"எல்லாம் சேத்து வேணாம் சாமி. பொய்க்கு மட்டும் குடுங்க. ஆபரேஷன் பாவம் இல்ல. அதச் சேத்து மன்னிச்சிடாதீங்க."

பிறகு கதவு திறந்தது. சாமியார் கண்களைத் துடைத்திருந்தார். ஒரு ஸ்பூன், கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்றார். தொண்டை வறண்டவர்களுக்கு அப்பத்தின் ஒரு துணுக்கைத் தண்ணீரோடு கொடுப்பது வழக்கம். மன்னிப்பு எப்படிக் கொடுத்தார், எதைச் சேர்த்தார், எதை விட்டார் என்று நாங்கள் கேட்கவில்லை. அப்பா பிளாஸ்குடன் முதலில் உள்ளே போனார். அவர் பின்னால் நாங்கள் போனோம்.

சாமியார் அம்மாவின் நாக்கில் துணுக்கை வைத்தார். அப்பா ஸ்பூனை நீட்டினார். பாதித் தண்ணீர் தாடையில் வழிந்தது, மீதியை அம்மா விழுங்கினாள். அப்பா குனிந்தபடியே, எங்களுக்கே கேட்டும் கேட்காத குரலில், "நான்தான் சொல்லச் சொன்னேன். எனக்கு வருத்தமா கீது" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை நிஜமாக வந்து நான் கேட்டது அது ஒரு தடவைதான்.

அம்மா கண்ணைத் திறந்தாள். "இன்னா சொன்னீங்க?"

அப்பா எங்களைப் பார்த்தார், சாமியாரைப் பார்த்தார். அதைக் கத்திச் சொல்ல அவரால் முடியவில்லை.

"தண்ணி போதுமான்னு கேட்டேன்."

"போதும்" என்றாள் அம்மா.